வாதாபியும் ஒரு மூங்கில் ஏணியும்

ஜனவரி 11, சனி – பாதாமி

பொங்கலுக்கு ஊருக்கு வராமல் பாறை ஏறப் போகிறாயா என்று அம்மா கேட்ட தொனியை எழுத்தில் கொண்டுவர முடியாது. பெங்களூரிலிருந்து இரவு முழுக்க ரயிலில் வந்து, காலையில் பாதாமியில் இறங்கினோம். ஸ்டேஷனிலிருந்து ஊர் ஐந்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர் ஆளுக்கு இருபது ரூபாய் கேட்டார். கயிற்று மூட்டைகளுக்குத் தனியாகக் கேட்பார் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. எந்த ஊர் என்று விசாரித்தார். தமிழ்நாடு என்றதும் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "ஓ, வந்து ஊரை எரித்தவர்களா!" என்று சிரித்தார். கி.பி. 642இல் நரசிம்மவர்மப் பல்லவன் அன்று வாதாபி என்று பெயர் கொண்டிருந்த இந்த ஊரைப் பிடித்ததை ஓர் ஆட்டோக்காரர் இவ்வளவு சாதாரணமாக எடுத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதைச் சொல்லும் கல்வெட்டு ஊருக்குள்ளேயே ஒரு பாறையில் சிதைந்து நிற்கிறது.

எங்கள் கூட்டத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைப்பதில்லை. தார்வாடுக்காரரைத் தார்வாடு என்றே கூப்பிடுகிறோம். எங்களுக்குள் அனுபவம் அதிகமுள்ளவர், கன்னடம் பேச வேண்டிய இடங்களில் எல்லாருக்கும் வாய் அவர்தான். திண்டுக்கல்காரன் திண்டுக்கல். சேலத்துப் பெண் ஒருத்தி பல் மருத்துவர், அவள் டாக்டர். கண்டீரவா ஸ்டேடியத்துச் செயற்கைச் சுவரில் வாரம் நான்கு மாலை தொங்கும் கல்லூரிப் பெண் சின்னவள். நான் எல்லாருக்கும் மூத்தவள் என்பதால் அக்கா. சுமாராக ஏறுவேன், நன்றாகச் சாப்பிடுவேன்.

வழக்கமாக ராமநகரத்துக் கருங்கல் பாறைகளில்தான் ஏறுவோம். அங்கே பிடிக்க எதுவும் இராது. உள்ளங்காலின் உராய்வை நம்பிச் சாய்தளத்தில் ஊர்ந்து போக வேண்டும். பாதாமி செம்மணற்கல் வேறு ரகம். செங்குத்தான சுவர், ஆனால் அடுக்கடுக்கான கிடைமட்ட வெடிப்புகளில் விரல் முழுக்க உள்ளே போகும். சாலுக்கியர்கள் ஆறாம் நூற்றாண்டில் குடைவரைகளைக் குடைந்ததும் இதே கல்லில்தான். தொல்லியல் துறையின் காவலில் உள்ள பாறைகளைத் தொடக் கூடாது. ஊரிலிருந்து தள்ளி, போல்ட் அடித்த சுவர்கள் இருக்கின்றன.

அறை வாடகை எண்ணூறு. வெந்நீர் காலை ஏழு முதல் எட்டு வரை என்று எழுதி ஒட்டியிருந்தார்கள், ஒட்டியதோடு சரி. மாலையில் ஒரு குரங்கு, ஏறும்போது வியர்வையில் கை வழுக்காமலிருக்கப் பூசும் சாக் பொடி இருந்த சின்னவளின் பையைத் திண்பண்டம் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு போய், கூரை மேல் உட்கார்ந்து பிரித்தது. முகமெல்லாம் வெள்ளை. பையைத் திருப்பித் தரவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு – பாதாமி, பனசங்கரி

காலையில் எளிதான தடங்களில் ஏறிப் பழகினோம். பத்தரை மணிக்கு மேல் கல் சுட ஆரம்பித்தது. மூட்டை கட்டிக்கொண்டு பனசங்கரிக்குப் போனோம். வனசங்கரி அம்மனுக்கு நாளை பௌர்ணமித் தேர். திருவிழா அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் நடக்குமாம். சாலையின் இருபுறமும் பாத்திரக் கடை, வளையல் கடை, மரக்கதவும் நிலையும் விற்கும் கடை. இவை போதாதென்று நாடகக் கம்பெனிகளின் தகரக் கொட்டகைகள் வரிசையாக நின்றன. தொழில்முறை நாடகக் குழுக்கள் கூடாரம் போட்டு விடிய விடிய நடத்துகின்றன. தட்டிகளில் மீசையை முறுக்கும் கதாநாயகர்களை இத்தனை பேரை ஒரே தெருவில் நான் பார்த்ததில்லை. நம் ஊர்த் திருவிழாக்களில் இந்த இடத்தைப் பாட்டுக் கச்சேரி பிடித்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது.

கோயில் குளத்தின் அருகே கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண்களிடம்தான் சாப்பாடு. சோள ரொட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய், வேர்க்கடலைப் பொடி, சிவப்பு மிளகாய்ச் சட்னி, தயிர், பச்சை வெங்காயம். அறுபது ரூபாய். இலையைப் பார்க்கிறார்கள், காலியாக இருந்தால் போடுகிறார்கள். போதும் என்று கையை மறைத்தால், "யக்கா, இன்னொந்து தகோ" என்று கைக்கு மேலேயே ரொட்டி விழுகிறது. கூடுதல் ரொட்டிக்குக் காசு வாங்கவில்லை. எழுந்தபோது டாக்டர் என் வயிற்றைத் தடவி "வாதாபி ஜீர்ணோ பவ" என்றாள். அகத்தியர் வாதாபி என்ற அசுரனை ஜீரணித்த ஊரிலேயே அதைச் சொல்லிச் செரிக்க வைப்பது பொருத்தம்தான். இங்குள்ள ஏரிக்கும் அகத்தியர் பெயர்.

மாலையில் முதல் குடைவரைக்குப் போனோம். பதினெட்டுக் கை நடராசர். நாளை திருவாதிரை என்று எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சிதம்பரம் அளவுக்குக் கூட்டம் சேர வேண்டிய மூர்த்தி, இரண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தார்.

ஜனவரி 13, திங்கள் – பாறையடி

இதை மறுநாள் அதிகாலை, பாகல்கோட்டில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். திண்டுக்கல் உள்ளே தூங்குகிறான். உயிருக்கு எதுவும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏழு மணிக்கே சுவரடியில் இருந்தோம். மேற்குப் பார்த்த சுவர் என்பதால் நிழல். சுமார் நாற்பதடி தள்ளி இடப்பக்கம், துருத்திக்கொண்டிருந்த பாறையின் அடியில் மூன்று பெரிய தேன்கூடுகள். மலைத்தேனீ. ஆடு மேய்க்க வந்த பெரியவர் ஒருவர், தோளில் கறுப்புக் கம்பளியோடு எங்களிடம் வந்து கூடுகளைக் காட்டி, சத்தம் போடாமல் ஏறுங்கள், செண்ட் கிண்ட் பூசியிருந்தால் இந்தப் பக்கமே வராதீர்கள் என்றார். நாங்கள் இன்னும் வலப்பக்கம் தள்ளிப் போனோம். அவர் எங்களை விட்டுப் போகவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். காசு கொடுத்துக் கயிறு வாங்கிச் சுவரில் ஏறுகிறவர்களைப் பார்ப்பது ஆட்டை விடச் சுவாரசியம் போல.

ஒன்பதே காலுக்குத் திண்டுக்கல் ஏற ஆரம்பித்தான். கீழே கயிறு பிடித்தவர் தார்வாடு. இதில் பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்னே ஏறுகிறவர், இடுப்பில் கட்டிய கயிற்றைச் சுவரில் உள்ள போல்ட்டுகளில் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே போவார். கடைசியாக மாட்டிய போல்ட்டுக்கு இரண்டு மீட்டர் மேலே கை விட்டுப்போனால் விழுவது நான்கு மீட்டர். கயிறு இழுபடுவதும் தொய்வும் சேர்ந்தால் அதற்கும் மேலே. வெறும் சுவராக இருந்தால் அந்தரத்தில் ஆடிவிட்டுச் சிரிக்கலாம். நடுவில் திட்டு இருந்தால்தான் ஆபத்து. இந்தத் தடத்தில் இரண்டாவது போல்ட்டை ஒட்டி, ஒரு ஆள் உட்காரும் அகலத்தில் திட்டு இருந்தது.

மூன்றாவது போல்ட்டை மாட்டிவிட்டு நான்காவதற்குப் போய்க்கொண்டிருந்தான். வலக்கைக்கு ஒரு பெரிய பிடி. பிடிக்கும் முன் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். கெட்டியான கல்லைப் போலக் கணீரென்று கேட்டது எங்கள் எல்லாருக்குமே. மணற்கல்லின் மேல்தோல் வெயிலிலும் மழையிலும் இறுகிக் கெட்டிப்படும், உள்ளே சில இடங்களில் உதிரியாக இருக்கும். அவன் முழு எடையையும் கொடுத்த நொடியில் அந்தத் துண்டு கையோடு வந்துவிட்டது. தார்வாடு கயிற்றைச் சரியாகத்தான் பிடித்தார். திட்டு குறுக்கே வந்தது. வலது பாதம் முதலில் பட்டு, உடம்பு பக்கவாட்டில் சாய்ந்து, ஹெல்மெட் சுவரில் இடித்தது. பெயர்ந்த கல் டாக்டருக்கு ஒரு முழம் தள்ளி விழுந்து பொடியானது.

அவன் கத்தவில்லை. "கால்" என்று ஒரே ஒரு சொல். நான் கத்த வாயைத் திறந்தேன், பெரியவர் எழுந்து நின்று உதட்டில் விரல் வைத்தார். கூடுகளின் மேல் ஓர் அலை ஓடி அடங்கியது. தேனீக்களைக் கலைப்பது சத்தமா, அதிர்வா, வாசனையா என்று அங்கே நின்று ஆராய்ச்சி செய்ய யாருக்கும் துணிவில்லை. அப்போதிலிருந்து சாலைக்குப் பாதி வழி வரை எல்லாம் கிசுகிசுப்பில்தான் நடந்தது. ஐந்து பேர் கத்திப் பேசியிருந்தால் ஆளுக்கொரு யோசனை வந்திருக்கும். கிசுகிசுத்ததால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசினோம்.

டாக்டர் கீழிருந்தே கேட்டாள், சைகையும் உதட்டசைவுமாக. கழுத்து வலிக்கிறதா? இல்லை. கைவிரல்கள்? அசைத்தான். இடது கால்? அசைத்தான். வலது பாதம் எங்களுக்கே தெரிந்தது. நேராக இல்லை.

அவன் இருந்தது ஏழு மீட்டர் உயரத்தில். மூன்றாவது போல்ட் வழியாகக் கயிறு ஓடுகிறது, கீழே தார்வாடு பிடித்திருக்கிறார், அப்படியே இறக்கிவிடலாம். இறக்கினால் தளர்ந்த கால் சுவரில் இடித்துக்கொண்டே வரும். ஒரே போல்ட்டை நம்புவதும் தார்வாடுக்குப் பிடிக்கவில்லை. சின்னவள் அதற்குள் இரண்டாவது கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து எளிய தடத்தில் என்னைக் கயிறு பிடிக்கச் சொல்லி ஏறினாள். சாதாரணமாகப் பேசிக்கொண்டே ஏறுகிறவள், அன்று உதட்டைக் கடித்துக்கொண்டு மூன்று நிமிடத்தில் தடத்தின் உச்சியில் கயிறு மாட்டும் சங்கிலியைத் தொட்டாள். அங்கிருந்து அவளை மெல்ல இறக்கி, திட்டுக்கு நேராக நிறுத்தினேன். அவன் இடுப்பில் கட்டியிருந்த ஹார்னஸ் வாரைத் தன் ஹார்னஸோடு ஸ்லிங் என்ற கெட்டி நாடாவால் கோத்தாள். அவனை மடியில் சாய்த்துக்கொண்டு, தன் இரண்டு கால்களையும் சுவரில் அகற்றி ஊன்றி, அவன் காலுக்கும் கல்லுக்கும் நடுவில் இடைவெளி உண்டாக்கினாள். தார்வாடும் நானும் இரண்டு கயிறுகளையும் ஒரே வேகத்தில் விட்டோம். பெருவிரல் உயர்த்தினால் விடு, முஷ்டி மூடினால் நிறுத்து. ஏழு மீட்டர் இறங்க இருபது நிமிடம்.

அடுத்த வேலை ஷூ. பாறை ஏறும் ஷூ ஓர் அளவு சிறியதாகத்தான் வாங்குவோம், விரல்கள் மடங்கியிருக்கும். உள்ளே வீக்கம் ஏறினால் இரத்த ஓட்டம் நின்றுபோகும் என்று டாக்டர் கத்தரியை எடுத்தாள். ஒன்பதாயிரம் ரூபாய் ஷூ. திண்டுக்கல் முதன்முறையாக எதிர்ப்புத் தெரிவித்தான். "நாடாவை அவிழ்த்தாலே வருமே, டாக்டர்." அவள் பதில் சொல்லாமல் நாக்கு முதல் நுனி வரை வெட்டினாள். கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டாள். வெளுத்த நகம் மறுபடி சிவந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவள் மூச்சு விட்டது கேட்டது. உட்காரும் ரப்பர் விரிப்பைக் காலின் கீழும் இருபுறமுமாக மடித்து, முழங்கால் வரை துணியால் கட்டினாள். பல் மருத்துவம் படிக்கிறவர்களைக் கேலி செய்கிறவர்கள் அவள் கட்டிய கட்டைப் பார்த்திருக்க வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வரை அதை யாரும் அவிழ்க்கவில்லை.

ஆம்புலன்ஸுக்குத் தார்வாடு பேசினார். தேர் நாள், வண்டி திருவிழாக் கூட்டத்தில் இருக்கிறது, வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். வந்தாலும் சாலை வரைக்கும்தான். சுவரடிக்கும் சாலைக்கும் நானூறு மீட்டர். உருண்டைப் பாறைகள், முள், ஆள் இறங்கி ஏற வேண்டிய ஓடைப் பள்ளம் ஒன்று. இறங்க உதவும் சாமான்கள் எங்களிடம் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு இருந்தன. படுக்க வைத்துத் தூக்க ஒன்றும் இல்லை.

பெரியவர் எங்களைக் கேட்கவில்லை. மடியிலிருந்து கைப்பேசியை எடுத்து இரண்டு பேரிடம் பேசினார். கால் மணி நேரத்தில் பண்டிகைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த ஓர் ஆள், மேலெல்லாம் வெள்ளைத் துளிகளோடு, மூங்கில் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் ஆறேழு இளைஞர்கள். பெரியவர் தன் கம்பளியை நான்காக மடித்து ஏணி மேல் விரித்தார். எங்கள் ஸ்லிங்குகளால் அவனை மார்பு, இடுப்பு, தொடை மூன்று இடத்தில் கட்டினோம். ஒரு பையன் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுக்க ஆரம்பித்தான். பெரியவர் கைப்பேசியைப் பிடுங்காமல், அந்தப் பையனின் கையைப் பிடித்து ஏணியின் விளிம்பில் வைத்தார். அவன் கடைசி வரை அந்த மூலையை விடவில்லை.

தூக்குவது எப்படி என்று எங்களுக்குப் பாடம் நடந்தது. இறக்கத்தில் கால் முன்னே, தலை எப்போதும் மேட்டுப் பக்கம். முன்னால் இருப்பவர் கல், பள்ளம் என்று சொல்ல, பின்னால் இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாவிட்டால் எல்லாரும் நிற்க வேண்டும். ஓடைப் பள்ளத்தில் யாரும் நடக்கவில்லை. இரண்டு வரிசையாக நின்று ஏணியைக் கைமாற்றினோம், பின்னால் இருப்பவர் ஓடிப்போய் முன்னால் நிற்க, மறுபடி கைமாற்றம். நடுவில் ஒரு படி முறிந்தது. மூங்கில் முறியும் சத்தத்தில் திண்டுக்கல் தன் எலும்புதான் இன்னொன்று போய்விட்டது என்று நினைத்து என்னைப் பார்த்தான். ஏணிதான் என்றேன். "நல்லவேளை" என்றான். ஏணிக்காரர் அப்போது என்ன நினைத்தார் என்பது தெரியவில்லை.

புல்லறுத்துக்கொண்டிருந்த பெண்கள் தண்ணீரோடு வந்தார்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம், வயிறு காலியாக இருக்கட்டும் என்று டாக்டர் குடிக்க விடவில்லை. ஒரு பாட்டிக்கு அப்படி ஒரு கோபம். அடிபட்ட பிள்ளைக்குத் தண்ணீர் தராத பெண் என்ன டாக்டர் என்று கேட்டார். டாக்டர் துணியை நனைத்து அவன் உதட்டில் ஒற்றினாள். பாட்டி அதையும் அரைகுறை மனதோடுதான் பார்த்துக்கொண்டிருந்தார். சாலை வரை கூடவே வந்தார், கையில் சொம்போடு.

நானூறு மீட்டருக்கு ஒன்றரை மணி நேரம். சாலையில் ஆம்புலன்ஸ் இல்லை. திருவிழாவுக்கு வாழைத்தார் ஏற்றிப்போன குட்டியானை வண்டி ஒன்றைப் பையன்கள் நிறுத்தினார்கள். ஓட்டுநர் இறங்கிப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் பாதித் தார்களைச் சாலையோரம் இறக்கி வைத்தார். ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவனை அதற்குக் காவல் வைத்துவிட்டு, மீதி வாழைத்தார்களைத் திண்டுக்கல்லின் இரண்டு பக்கமும் அண்டை கொடுத்தார். ஏணி ஆடவே இல்லை.

தாலுகா ஆஸ்பத்திரியில் ஊசி, எக்ஸ்ரே, மாவுக்கட்டு. கணுக்காலின் இரண்டு பக்க எலும்பும் முறிந்திருக்கிறது, பாகல்கோட் போங்கள் என்றார் இளம் டாக்டர். தேர்க் கூட்டத்தில் மயங்கி விழுந்தவர்கள், கை நசுங்கியவர்கள் என்று வரிசை நிற்க, அந்த ஒருவரே எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் அங்கே வந்து சேர்ந்தது. நாற்பது கிலோமீட்டர் பயணம். சன்னலில் பௌர்ணமி நிலா எழுந்தபோது அம்மா கூப்பிட்டார். களி சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன்.

ஜனவரி 14, செவ்வாய் – பாகல்கோட், பாதாமி

பொங்கல். இங்கே சங்கராந்தி. காலை ஏழு மணிக்கு நர்ஸ் ஒருவர் வார்டு முழுக்கச் சர்க்கரை பூசிய எள்ளு மிட்டாயை ஆளுக்கொரு சிட்டிகை கொடுத்துக்கொண்டு வந்தார். திண்டுக்கல்லுக்கும் ஒரு சிட்டிகை. பக்கத்துக் கட்டில் தாத்தாவின் மகள் எள் தூவிய கம்பு ரொட்டியும் காய்க்கலவையும் கொண்டுவந்து, நாங்கள் யார் எவர் என்று கேட்பதற்கு முன்பே பிரித்துவைத்தார். பல் தேய்க்காமல் சாப்பிட்ட முதல் பொங்கல் விருந்து.

எலும்பு டாக்டர் தெளிவாகப் பேசினார். தகடு வைத்துத் திருகாணி போட வேண்டும். இப்போது கால் ஊதியிருக்கிறது, தோல் இழுபட்டுப் பளபளக்கிறது. இந்த நிலையில் கத்தி வைத்தால் புண் ஆறாது. வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் திரும்பிய பிறகுதான் அறுவை. வாரம் பத்து நாள் ஆகலாம். காலை உயரத் தூக்கி வைத்துக்கொண்டு பெங்களூருக்கே போங்கள் என்றார். ஒரு நாள் படுக்கைக்கும் மருந்துக்கும் சேர்த்து மூவாயிரத்து நூறு ரூபாய்.

காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் போட்டோம். பாறை ஏற்றம் என்ற சொல்லைக் கேட்டதும் மறுமுனைக் குரல் தணிந்தது. மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் எதற்கெல்லாம் பணம் கிடைக்காது என்று சொல்லும் பொது விலக்குகளில் ஒன்பதாவது, ஆபத்தான விளையாட்டுகளைப் பற்றியது. பாறை ஏறுவதும் மலையேறுவதும் அதில் பெயர் சொல்லியே இருக்கின்றன. தார்வாடு அந்த வரியைக் கைப்பேசியில் தேடி எடுத்து முழுவதும் வாசித்துக் காட்டினார். தொழில்முறையாக ஈடுபடுபவருக்குத்தான் பணம் கிடையாது. திண்டுக்கல் மென்பொருள் சோதிக்கிறவன். பாறையில் ஏறுவதற்கு யாரும் அவனுக்குச் சம்பளம் தருவதில்லை. மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

மதியம் நானும் சின்னவளும் பஸ்ஸில் பாதாமிக்குத் திரும்பினோம், அறையைக் காலி செய்யவும் ஏணிக்காரரைப் பார்க்கவும். வீட்டு வாசலில் புதுச் சுண்ணாம்பு காய்ந்துகொண்டிருந்தது. நேற்று விட்ட சுவரை இரவு விளக்கு வைத்து முடித்தாராம். நாங்கள் நீட்டிய இரண்டாயிரத்தைப் பார்த்து அவர் மனைவிதான் முதலில் முகம் சுளித்தார். ஏணியை வெளியே கொண்டுவந்து காட்டினார் அவர். முறிந்த படி மாற்றியாகிவிட்டது. மூங்கில் துண்டுக்கு எழுபது, கயிற்றுக்கு முப்பது, நூறு ரூபாய் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். நாங்கள் ஐந்நூறாவது என்று இழுத்தோம். பேரம் தலைகீழாகப் பத்து நிமிடம் நடந்து நூறிலேயே முடிந்தது. பிறகு உட்கார வைத்து ரொட்டி போட்டார்கள்.

குட்டியானைக்காரரைத் தேடிப் பிடித்ததும் அங்கேயே. சாலையோரம் விட்டுப்போன தார்களில் இரண்டைக் குரங்குகள் முடித்திருந்தன. காவல் வைத்த சிறுவனுக்குக் கல்லெறியக் கை வரவில்லையாம், சனிக்கிழமை தோறும் அனுமார் கோயிலுக்குப் போகிற பிள்ளை. பணம் வேண்டாம், அது அனுமாருக்குப் போன கணக்கு என்றார் ஓட்டுநர். பெரியவரைத்தான் பார்க்க முடியவில்லை. சங்கராந்தி என்று குடும்பத்தோடு மலப்பிரபா ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தார். அவருடைய கம்பளி ஆஸ்பத்திரியில் எங்களிடம்தான் இருந்தது. மறுநாள் பஸ் கண்டக்டர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினோம். சேர்ந்துவிட்டது என்று ஏணிக்காரர் போனில் சொன்னார்.

ஜனவரி 15, புதன் – பாகல்கோட்டிலிருந்து பெங்களூர்

திரும்பும் டிக்கெட் நாளைக்குத்தான் இருந்தது. மருத்துவ அவசரம் என்று சொல்லிப் பார்த்தும் ரயிலில் இடம் கிடைக்கவில்லை. நடு இருக்கையைக் கழற்றிய வாடகைக் கார், பதினான்காயிரம். காலைத் தலையணைகளின் மேல் தூக்கி வைத்து, வேகத்தடை வரும்போதெல்லாம் டாக்டர் தன் முழங்கையை அண்டை கொடுத்தாள். கர்நாடகத்து வேகத்தடைகளைப் பற்றி அவளிடம் இனி யாரும் பேச்செடுக்கக் கூடாது.

சித்ரதுர்காவுக்கு முன்னால் ஒரு கடையில் மிளகாய் பஜ்ஜியும் பொரியும். பத்து ரூபாய்க்கு இரண்டு பஜ்ஜி. காரை விட்டு இறங்க முடியாத ஆள் இருக்கிறார் என்று தெரிந்ததும் கடைக்காரர் தட்டைக் கார் சன்னலுக்கே எடுத்து வந்து, சாப்பிட்டு முடியும் வரை கண்ணாடி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். திண்டுக்கல் இரண்டு நாளில் முதன்முறையாகக் குறை சொன்னான். பஜ்ஜியில் காரம் போதாதாம்.

வழியெல்லாம் கரும்பும் கோலமும். இரவு பதினொன்றுக்கு வீடு.

ஜனவரி 23, வியாழன் – பெங்களூர்

நேற்று அறுவை சிகிச்சை முடிந்தது. வெளிப்பக்கம் ஒரு தகடு, உள்பக்கம் இரண்டு திருகாணி. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. திண்டுக்கல்லின் அம்மா பூட்டு வியாபாரியின் மகள், கறாரானவர். வந்த அன்று எங்கள் நால்வரையும் வரிசையாக நிற்க வைத்து, யார் கயிறு பிடித்தது, யார் இறக்கியது, யார் ஷூவை வெட்டியது என்று விசாரித்தார். சின்னவளின் கையைத் திருப்பிப் பார்த்தார். கயிறு உரசிய காயம் இன்னும் ஆறவில்லை. உடனே பையிலிருந்து தேங்காய் எண்ணெய் வந்தது. தார்வாடிடம், "தம்பி, அடுத்த தடவை இவனைக் கூட்டிப் போவதாக இருந்தால் எனக்கு முதலில் சொல்ல வேண்டும்" என்றார். போகாதே என்று சொல்லாததைத் திண்டுக்கல் கவனித்துக்கொண்டான்.

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து மூன்றாவது முறையாக இன்று போன் வந்தது. நோயாளி இந்த விளையாட்டில் வருமானம் ஈட்டுகிறாரா என்று மறுபடியும் அதே கேள்வி. அவன் அம்மா கைப்பேசியை வாங்கிக்கொண்டார்.

"ஐயா, கயிறு வாங்கியது அவன் காசு. வெட்டிப் போட்ட ஷூ அவன் காசு. ரயிலுக்கும் காருக்கும் அவன் காசு. இதற்குச் சம்பளம் கொடுக்கிற இடம் ஏதாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் எண்ணைச் சொல்லுங்கள், நானே பேசுகிறேன்."

கோப்பு பரிசீலனையில் இருப்பதாக மாலையில் குறுஞ்செய்தி வந்தது. சம்பவம் நடந்த இடத்தின் புகைப்படம் மூன்று வேண்டுமாம். டாக்டர் தேடிக்கொண்டிருக்கிறாள்.